காணாவிட்டால் பாதிப் பணம் வாபஸ்: கோத்தகிரிப் பறவைச் சுற்றுலா, ஒரு மதிப்பீடு

கடந்த ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தில், சென்னையில் இயங்கும் ஒரு சிறு சுற்றுலா நிறுவனத்தின் ஏற்பாட்டில், ஆறு பேர் கொண்ட குழுவாகக் கோத்தகிரிக்குச் சென்று, மூன்று நாள் பறவைகளைக் கண்டு திரும்பினோம். நபர் ஒருவருக்குக் கட்டணம் 14,500 ரூபாய். சென்ட்ரலிலிருந்து மேட்டுப்பாளையம்வரை ரயில், அங்கிருந்து வேன், இரண்டு இரவுத் தங்கல், உணவு, உள்ளூர் வழிகாட்டி, வனத்துறை அனுமதி ஆகிய யாவும் அந்தத் தொகையில் அடங்கும். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் மனக்குறையை அவர்களுக்கே விரிவாக எழுதி அனுப்பிவிட்டேன் என்பது ஒரு காரணம்; நான் குறை என்று சொல்லவிருக்கும் வழக்கம் அவர்களிடம் மட்டும் உள்ளதன்று என்பது மற்றொரு காரணம். இதே போன்ற பயணத்தில் சேர எண்ணும் சென்னைவாசி ஒருவர், பணம் கட்டுவதற்கு முன் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இந்த மதிப்பீடு உதவினால் போதும்.

என்னைப் பற்றியும் சிறிது சொல்லிவிடுவது முறை. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், நங்கநல்லூரில் வீடு. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பள்ளிக்கரணைக்கு அதிகாலையில் போய் நாமக்கோழியையும் நீலத் தாழைக்கோழியையும் எண்ணிக்கொண்டு வருகிற பழக்கம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஆறுமணிக்குருவி நகருக்குள் வந்து இறங்கும்போது, அதன் குரலுக்காக மாலையில் மொட்டைமாடியில் காத்திருப்பேன். மலைக்காட்டுப் பறவைகளில் எனக்குத் தேர்ச்சி கிடையாது. ஆகவே ஒரு தொடக்கநிலை வாடிக்கையாளரின் கண்ணோட்டத்தில்தான் இதை எழுதுகிறேன். தேர்ந்த பறவையாளர்களுக்கு இதில் பல செய்திகள் பழையவையாக இருக்கலாம்.

நான் பணம் கட்டியதற்கு அவர்களின் விளம்பரத்தில் இருந்த ஒரு வரிதான் காரணம். உலகில் வேறெங்கும் காண முடியாத நீலகிரி சோலைக்கிளியை உறுதியாகக் காட்டுவோம், காணாவிட்டால் பாதிக் கட்டணம் வாபஸ் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். மிக்ஸி வாங்கும்போது இரண்டு ஆண்டு வாரண்டி கேட்டுப் பழகிய மனம், இந்த வரியைப் படித்ததும் நிம்மதியடைந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த நிம்மதிதான் தவறு என்று புரிவதற்கு எனக்கு ஒரு நாள் பிடித்தது.

பயண ஏற்பாடுகளைப் பொறுத்தவரை குறை சொல்ல ஏதுமில்லை. நீலகிரி எக்ஸ்பிரஸில் ஆறு பேருக்கும் ஒரே பெட்டியில் படுக்கை கிடைக்கச் செய்திருந்தார்கள். மேட்டுப்பாளையத்தில் வேன் நமக்கு முன்பே வந்து நின்றது. நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்ற நடைமுறை 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. 2025 கோடைக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. கடைசி நேரத்தில் பாஸ் கிடைக்காமல் மலையடிவாரத்தில் நிற்கும் குடும்பங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்ததால், இவர்கள் முன்கூட்டியே அதை எடுத்து அச்சிட்டு ஓட்டுநரிடம் கொடுத்து வைத்திருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தங்கிய வீடு எளிமையானது, சுத்தமானது, வெந்நீருக்குக் குறைவில்லை. சாப்பாடு சுமார். காலைத் தேநீரோடு வந்த வர்க்கிதான் உணவில் நினைவில் நிற்பது. வாடகையின்றிக் கொடுத்த பைனாகுலர்களில் இரண்டு பூஞ்சை பிடித்திருந்தன. சொந்தமாக வைத்திருப்பவர்கள் எடுத்துச் செல்வது நல்லது, ஏனெனில் சோலை எனப்படும், மலைப் பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் பசுமைமாறாக் காட்டுக்குள் நண்பகலிலும் வெளிச்சம் அந்தி நேரத்தைப் போலத்தான் இருக்கிறது.

ரயிலில் எங்களுக்குக் கொடுத்த நான்கு பக்கக் கையேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அட்டையில் "அழிந்துபோன பறவையை நேரில் காணுங்கள்" என்று இருந்தது. அழிந்துபோனதை எப்படி நேரில் காண்பது என்று எங்கள் குழுவில் இருந்த கல்லூரி மாணவி கேட்டதும் பெட்டியே சிரித்தது. கையேட்டை எழுதியவர், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் உள்ள வகைகளைத் தமிழாக்கும்போது குழம்பியிருக்கிறார் என்பது தெளிவு. அந்தப் பட்டியலில் அற்றுப்போன இனம் என்பது ஒரு வகை. மிக அருகிய இனம், அருகிய இனம், அழிவாய்ப்பு இனம் என்பவை அதற்கு முந்தைய படிகள். நீலகிரி சோலைக்கிளி அருகிய இனம் என்ற படியில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியை என்ற பழக்கத்தால் சிவப்பு மையில் திருத்தி அந்தக் கையேட்டை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன்.

ஆனால் சொற்பிழையைவிடப் பெரிய பிழை உள்ளே இருந்தது. "உலகிலேயே 300 பறவைகள் மட்டும்" என்று பெரிய எழுத்தில் ஓர் எண். எங்கிருந்து வந்த எண் என்று கேட்டபோது ஒருங்கிணைப்பாளருக்குத் தெரியவில்லை. ஒரு பறவை அருகிய இனம் ஆவதற்குத் தலையெண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம்; நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சிவப்புப் பட்டியலின் விதிகளில் அது ஒரு வழி மட்டுமே. வாழும் பரப்பின் சிறுமை இன்னொரு வழி. ஓர் இனம் பரவியிருக்கும் மொத்த எல்லை 5,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, அந்த எல்லைக்குள்ளும் வாழிடம் துண்டு துண்டாகச் சிதறி, அதன் பரப்போ தரமோ தொடர்ந்து குறைந்தும் வந்தால், எண்ணிக்கை ஆயிரங்களில் இருந்தாலும் அது அருகிய இனமாகவே கணக்கிடப்படும். சோலைக்கிளியின் சிக்கல் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. சரியான சோலைக்குள் போனால் இந்தப் பறவை அரிதாகத் தெரிவதில்லை; சோலைதான் அரிதாகிவிட்டது. 300 என்ற பொய் எண்ணுக்குப் பதிலாக இந்த ஒரு வாக்கியத்தை அச்சிட்டிருந்தால் கையேடு பயனுள்ளதாக இருந்திருக்கும்.

பெயரைப் பற்றியும் கையேட்டில் ஒரு சொல் இல்லை. சோலைக்கிளி என்றதும் தமிழர் மனத்தில் பச்சை உடம்பும் சிவந்த மூக்கும்தான் தோன்றும். எங்கள் குழுவில் வந்த ஒரு தம்பதியர் கடைசிவரை அதைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். மலையாளத்தில் கிளி என்பது பறவைக்கே பொதுப்பெயர். சோலைக்கிளி என்ற பெயர் அந்த வழியில் சோலைப்பறவை என்ற பொருளில் அமைந்தது. 15 சென்டிமீட்டர் நீளமே உள்ள, தரையிலும் புதரடியிலும் புழு பூச்சி தேடித் திரிகிற, நீண்ட கால்களை உடைய பறவை அது. முதுகும் நெஞ்சும் இரும்பு நீலம், விலாவில் செம்பழுப்பு, வயிற்றின் நடுவில் வெண்மை. கையேட்டில் அச்சாகியிருந்த படம் இந்தப் பறவையின் படமே அன்று, நீலகிரிச் சிலம்பனின் படம். இரண்டும் ஒரே சோலையில் வாழ்பவைதாம் என்றாலும், ஒன்று குழுவாகக் கூச்சலிட்டுச் சிரிப்பது; மற்றது தனியே, கூச்சத்தோடு, விடியலிலும் அந்தியிலும் சீழ்க்கையடிப்பது. ஒரு பறவையைக் காட்டுவதற்குப் பணம் வாங்குபவர்கள் வேறொரு பறவையின் படத்தை அச்சிடலாகாது.

இந்தப் பறவைக்கும் சென்னைக்கும் உள்ள பழைய உறவைக் கையேடு சொல்லியிருந்தால் எத்தனை சிறப்பாக இருந்திருக்கும் என்று ரயிலில் நினைத்துக்கொண்டேன். சென்னை மாகாணத்தில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன், 1844ஆம் ஆண்டு இந்தப் பறவையை முதன்முதலாக அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அந்தக் குறிப்பு வெளியானது சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்விதழில்தான். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இதை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று அறிஞர்கள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வாழும் நீலகிரிப் பறவையும், தெற்கே ஆனைமலையிலும் பழனி மலையிலும் வாழும் வெண்வயிற்றுப் பறவையும் ஒரே இனம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. வி. வி. ராபினும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2017இல் மரபணுவையும் குரலையும் உடலளவுகளையும் ஒப்பிட்டு, இவை மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தனிப் பேரினம் என்று காட்டி, அதற்குச் சோலை என்னும் நம் சொல்லை வைத்தே ஷோலிகோலா என்று பெயரிட்டார்கள். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கத்தில் வாழ்வது மூன்றாவது இனம் என்றும் அதே ஆய்வு பிரித்துக் காட்டியது.

இதைப் பெயர்ச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது, பறவையின் காப்பு நிலையே இதில் அடங்கியிருக்கிறது. எல்லாம் ஓரினம் என்று எண்ணியபோது அது அழிவாய்ப்பு இனம் என்ற ஒரு படி தாழ்ந்த கவலையில் இருந்தது. பிரித்தபின், ஒவ்வொன்றுக்கும் சொந்தமான பரப்பு சுருங்கியது. நீலகிரிப் பறவை அருகிய இனத்தில் சேர்ந்தது. காட்டில் ஒரு மரமும் விழாமல், ஒரு பறவையும் சாகாமல், நம் அறிவு திருந்தியதாலேயே ஆபத்தின் அளவு கூடித் தெரிந்த கதை இது. ஊட்டிச் சோலையில் ஒன்று அழிந்தால் கொடைக்கானலிலிருந்து வந்து நிரப்பும் என்ற எண்ணத்துக்கு இப்போது இடமில்லை. மலை உச்சிகள் தீவுகள் போலவும் இடையிலுள்ள தாழ்ந்த, வெப்பமான நிலம் கடல் போலவும் அமைந்துவிட்டதால், இந்தச் சின்னப் பறவை அந்தக் கடலைக் கடப்பதில்லை.

இனி வழிகாட்டியைப் பற்றி. கோத்தகிரிக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்து வளர்ந்த இளைஞர். முப்பது வயதுக்குள் இருப்பார். இந்தப் பயணத்தில் நான் கொடுத்த தொகைக்கு உண்மையான மதிப்பு அவரிடமிருந்துதான் கிடைத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் 33 கிலோமீட்டர் சாலையிலேயே பாடம் தொடங்கிவிட்டது. வேன் சன்னலுக்கு வெளியே பசேலென்று தெரிந்ததையெல்லாம் காடு என்று நாங்கள் வியந்துகொண்டிருக்க, "அம்மா, நீங்க பாக்குறதுல பாதி காடே இல்ல" என்று அவர் அமைதியாகச் சொன்னார். தேயிலை காடன்று என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஓங்கி நின்ற கற்பூர மரங்களும் (யூகலிப்டஸ்), மஞ்சள் பூவைப் பூக்கும் சீகை மரங்களும் (வாட்டில்) ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டவை என்பதை நேரில் ஒருவர் விரல் நீட்டிச் சொல்லும்போதுதான் மனத்தில் தைக்கிறது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிக்கு ஏறி வந்ததற்குப் பிந்தைய சில பத்தாண்டுகளுக்குள் இந்த மரங்கள் மலைக்கு வந்துவிட்டன. முதலில் விறகுக்காக, பிறகு தோல் பதனிடும் பட்டைக்காக, சுதந்திரத்துக்குப் பின் சிறுமுகை விஸ்கோஸ் ஆலை போன்றவற்றுக்கு மரக்கூழாக. நட்டதில் பெரும்பகுதி சோலையை வெட்டி நட்டதன்று, சோலைகளுக்கு இடையே கிடந்த புல்வெளியில் நட்டது. புல்லை வெறுந்தரிசு என்று கணக்கெழுதியதால் வந்த வினை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில் 44 ஆண்டுகளில் சுமார் 340 சதுர கிலோமீட்டர் புல்வெளி, அதாவது இருந்ததில் 23 விழுக்காடு, அயல் மரங்களுக்குப் போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. சோலைக்கிளிக்குப் புல்வெளி வீடன்று என்றாலும், மழையைக் குடித்து மெல்ல மெல்லச் சோலை ஓடைக்கு விடுவது அந்தப் புல்வெளிதான். ஓடை வற்றினால் ஈரத் தரையில் பூச்சி தேடும் பறவைக்கு என்ன மிஞ்சும் என்று வழிகாட்டி கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை.

முதல் நாள் பிற்பகலில் லாங்வுட் சோலைக்கு அழைத்துச் சென்றார்கள். கோத்தகிரி ஊரை ஒட்டியே, 116 ஹெக்டேரில், நடுவில் யாரோ மறந்து விட்டுப்போன பழங்காடு போல அது நிற்கிறது. சுற்றியுள்ள ஊர்களின் குடிநீர் இங்கிருந்துதான் ஊறி வருகிறது. உள்ளூர் மக்களே குழு அமைத்து இதைக் காத்துவந்திருக்கிறார்கள். 2024 சனவரியில் ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. நம் பள்ளிக்கரணைக்கு 2022இல் கிடைத்த அதே தகுதி என்று சொன்னபோது குழுவினருக்கு ஆச்சரியம். ஈரநிலம் என்றால் தட்டையான நீர்ப்பரப்பு என்றுதான் சென்னைக்காரர்களாகிய நமக்குத் தோன்றுகிறது. ராம்சார் அறிவிப்பிலேயே நீலகிரி சோலைக்கிளியும் நீலகிரிச் சிலம்பனும் நீலகிரிக் காட்டுப்புறாவும் இடம்பெற்றிருக்கின்றன. அன்று மாலை காட்டுப்புறா இரண்டையும் சிலம்பன் கூட்டம் ஒன்றையும் கண்டோம். சோலைக்கிளியைக் காணவில்லை. குரல் ஒருமுறை கேட்டது என்று வழிகாட்டி சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அங்கே அவர் எங்களைப் பேசவிடவில்லை, பாதையை விட்டு ஓரடி விலகவிடவில்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் பத்துக்குப் பத்து கொடுப்பேன்.

மறுநாள் விடியலில் வேறொரு சோலையின் விளிம்புக்குப் போனோம். தனியார் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய, ஓடை ஓடுகிற சிறு துண்டுச் சோலை. ஒருங்கிணைப்பாளரும் உடன் வந்தார். இருபது நிமிடம் நின்றிருப்போம். குழுவில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மற்றொருவர் காலில் ஏறிய அட்டையைத் தட்டினார். அப்போது ஒருங்கிணைப்பாளர் கண் காட்ட, வழிகாட்டி பையிலிருந்து உள்ளங்கையளவு புளூடூத் ஸ்பீக்கரை எடுத்து ஒரு கிளையிடுக்கில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். மெல்லிய, வளைந்து வளைந்து ஏறும் சீழ்க்கை ஒன்று அதிலிருந்து ஒலித்தது. மூன்றாவது முறை ஒலித்தபோது புதருக்குள்ளிருந்து நீலமாக ஏதோ பாய்ந்து வந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்துக் கொம்பில் அமர்ந்தது.

மறைக்காமல் சொல்கிறேன்: அந்த நேரத்தில் நான் மகிழ்ந்தேன். விலாவின் செம்பழுப்புகூடத் தெளிவாகத் தெரியும் அளவுக்கு அருகில், ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் கண்டேன். ஆறு கைபேசிகளும் இரண்டு கேமராக்களும் இயங்கின. பறவையோ எங்களைப் பார்க்கவேயில்லை. அந்தக் கறுப்பு டப்பாவைச் சுற்றிச் சுற்றி, வாலை அடித்து, கொம்புக்குக் கொம்பு தாவி, யாரோ ஓர் எதிரியைத் தேடிக்கொண்டிருந்தது. ஒலி நின்றது. பறவை போகவில்லை. படம் சரியாக விழாதவர் ஒருவர் இன்னொரு முறை போடச் சொன்னார், போட்டார்கள். பிறகு மற்றொருவருக்காக மீண்டும். ஐந்தாவது தடவையின்போது நான், "தம்பி, போதும், நிறுத்திடுங்க" என்று சொன்னேன். அவர் உடனே நிறுத்திவிட்டார்; ஒருங்கிணைப்பாளரின் முகம்தான் சுருங்கியது.

இந்தப் பதிவொலி வழக்கத்தில் என்ன தவறு என்று கேட்பவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. தன் எல்லைக்குள் அயலான் புகுந்துவிட்டான் என்று பறவை நம்புகிறது. தீனி தேடுவதை விட்டு, துணையையும் கூட்டையும் விட்டு, விரட்டுவதற்கு வருகிறது. எதிரி கண்ணில் படாததால் விரட்டவும் முடியவில்லை, ஓயவும் முடியவில்லை. பரவலாக வாழும் ஒரு பறவையை ஆண்டுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் இப்படி ஏமாற்றினால் பெரிய கேடு வராது என்று சொல்பவர்களும் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் இருக்கலாம். இங்கே நிலை வேறு. கோத்தகிரியைச் சுற்றி எளிதாக அணுகக்கூடிய சோலைத் துண்டுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் குழுக்கள் எல்லாம் அதே துண்டுக்கு, அதே ஓடைக்கரைக்கு, அதே பறவையிடம்தான் வருகின்றன. பரப்பு சிறிது என்பதால்தான் அது அருகிய இனம்; பரப்பு சிறிது என்பதால்தான் தொல்லையும் ஒரே பறவையின் மேல் குவிகிறது. காலமும் சரியில்லை. சென்னையில் வெயில் ஏறி, பள்ளிகள் மூடி, மலைக்கு ஆள் திரளுகிற ஏப்ரல் முதல் ஜூன்வரைதான் சோலைக்கிளி மரப்பொந்திலோ ஓடைக்கரை இடுக்கிலோ கூடு வைத்து முட்டையிடும் பருவம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதைக்கூட வேட்டை என்ற சொல்லின் பொருளுக்குள் சேர்த்திருக்கிறது. நாங்கள் கூட்டைத் தொடவில்லை, கூடு எங்கே என்பதும் தெரியாது. ஆனால் அந்தப் பறவையை அதன் கூட்டிலிருந்து இழுத்து வந்து நிறுத்திவைத்தோமோ என்ற கேள்வி அன்று பகல் முழுவதும் என்னை விடவில்லை.

அன்று மாலை தேநீர் குடிக்கும்போது வழிகாட்டியிடம் தனியாகக் கேட்டேன். முந்தைய நாள் லாங்வுட்டில் அத்தனை கண்டிப்பாக இருந்தவர் இன்று ஏன் இப்படி என்று. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னது இதுதான்: பறவையைக் காட்டாவிட்டால் வாடிக்கையாளருக்குப் போகும் பாதித் தொகையின் ஒரு பகுதியை அவருடைய கூலியில் பிடித்துக்கொள்வார்கள். "எனக்கு மட்டும் ஆசையாம்மா? நான் போடலைன்னா வேற ஆளக் கூட்டிட்டு வருவாங்க" என்றார். விளம்பரத்தில் என்னை நிம்மதிப்படுத்திய அந்த வரியின் மறுபக்கம் இவருடைய சட்டைப்பையில் இருந்தது. எனவே பதிவொலிக்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன். உறுதிமொழி கொடுத்த நிறுவனத்தையும், அதைப் பார்த்துப் பணம் கட்டிய என்னையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காட்டுப் பறவைக்கு உறுதி கொடுப்பவர், அந்த உறுதியைக் காப்பாற்றுவதற்கான வழியையும் தயாராக வைத்திருப்பார் என்பதை வாடிக்கையாளர் புரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் காலை, எங்கள் குழுவில் நான்கு பேர் ஸ்பீக்கர் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். பணம் திருப்பிக் கேட்க மாட்டோம் என்றும் சேர்த்து எழுதினோம். வழிகாட்டியின் முகம் தெளிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. விடிவதற்கு முன்பே ஓடைக்கரையில் போய் உட்கார்ந்தோம். அன்று பறவை கண்ணில் படவில்லை. ஆனால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அதன் குரலைக் கேட்டோம். பதிவில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்ட காதுக்கு, உயிருள்ள பறவை ஒரு சீழ்க்கைக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை மாற்றம் செய்கிறது என்பது புதிதாக இருந்தது. நடுவே வழிகாட்டி தரையில் குனிந்து, ஈரச் சருகை விலக்கிப் புழுக்களைக் காட்டினார். குறிஞ்சிச் செடியின் உறவுப் புதர்கள் அடர்ந்திருந்தால்தான் சோலைக்கிளி மறைந்து திரிய முடியும் என்றார். சோலை ஓரத்தில் சீகைக் கன்றுகள் உள்ளே முளைத்து வருவதையும் சுட்டிக் காட்டினார். உடன் வந்தவர்களில் இருவருக்கு அந்தக் காலை வீண் என்றே தோன்றியது. அவர்கள் கட்டிய பணமும் என்னுடையதைப் போன்றதே. அவர்கள் ஏமாற்றத்தையும் இங்கே பதிவு செய்வது நியாயம்.

மதிப்பெண் கேட்கும் வாசகர்களுக்குச் சொல்வதானால், பயண ஏற்பாட்டுக்கும் வழிகாட்டிக்கும் தாராளமாகக் கொடுப்பேன். கையேட்டுக்குத் தேர்ச்சி மதிப்பெண்கூடக் கிடையாது. உறுதிமொழிக்காக மொத்தத்தில் பாதியைக் கழித்துவிடுவேன். சேர விரும்புபவர்கள் முன்பதிவுக்கு முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவொலி போடுவார்களா என்பது முதலாவது. பறவை தென்படாவிட்டால் வழிகாட்டியின் கூலி குறையுமா என்பது இரண்டாவது. இதைக் கேட்டதும் எதிர்முனையில் ஏற்படும் மௌனமே பெரும்பாலும் போதிய பதில். கோடையை விட்டு வேறு பருவத்தில் நடத்துகிறார்களா என்பது மூன்றாவது. வெயிலுக்குத் தப்ப வேண்டும் என்றால் ஊட்டிப் பூங்கா இருக்கிறது. சோலைக்கிளிக்காகப் போகிறவர்கள் அது முட்டையிடாத மாதங்களில் போகலாம். அட்டைக்கு எதிரான காலுறையை மறக்க வேண்டாம், அவர்கள் கொடுப்பது முழங்காலுக்குக் கீழேயே நழுவிவிடுகிறது.

என் கடிதத்துக்கு நிறுவனத்திலிருந்து பண்பான பதில் வந்தது. அடுத்த அச்சில் படத்தையும் 300 என்ற எண்ணையும் நீக்குவதாகவும், "அழிந்துபோன" என்பதை "அருகிய" என்று திருத்துவதாகவும் எழுதியிருந்தார்கள். கூடவே, டிசம்பரில் கொடைக்கானலுக்கு வெண்வயிற்றுச் சோலைக்கிளிப் பயணம் ஒன்று இருப்பதாகவும், எனக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி தருவதாகவும் குறிப்பிட்டிருந்தார்கள். அந்தப் பயணத்துக்கும் பாதிப் பணம் வாபஸ் என்ற வரி உண்டா, உண்டென்றால் அது யாருடைய கூலியிலிருந்து போகும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. தள்ளுபடி இந்த மாதக் கடைசிவரை செல்லும்.